வால்வு ரேடியோவும் கண்டென்சரும்: நெல்லை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

வால்வு ரேடியோ எனப்படும் வெற்றிடக் குழாய் வானொலிப் பெட்டி, 1930-களின் இறுதி முதல் 1960-களின் இறுதி வரை தமிழக வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் ஒலித்த கருவி. அதன் உள்ளே மற்ற உறுப்புகளுக்கு முன்பே முதுமை அடைவது மின்தேக்கி. ரேடியோ மெக்கானிக்குகள் அதை 'கண்டென்சர்' என்றே அழைத்தனர். பழைய பெட்டி ஒன்றை மீண்டும் பேச வைக்க விரும்பும் எவரும் முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் கண்டென்சர்களைத்தான். அவற்றைச் சோதிக்காமல் மின் இணைப்புக் கொடுப்பதால், நல்ல நிலையில் இருந்த வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சில நிமிடங்களில் எரிந்துபோவதுண்டு. அவற்றுக்கு மாற்று கிடைப்பது இன்று அரிது.

இக்கட்டுரை, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் (2019 முதல் தென்காசி மாவட்டம்) சங்கரன்கோவில், மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களுக்கு வானொலி வந்த வழியையும், அப்பெட்டிகளின் கண்டென்சர்கள் கெட்ட காரணத்தையும், அவற்றைச் சோதித்து மாற்றும் முறை உருவான விதத்தையும் தொகுத்துரைக்கிறது.

பெயர்

இத்தாலிய அறிவியலாளர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1782-ல் மின்னூட்டத்தைச் செறிவாக்கும் கருவிக்கு இட்ட பெயரே 'கண்டென்சர்' என்பதன் மூலம். பின்னர் ஆங்கிலப் பாடநூல்கள் 'கப்பாசிட்டர்' என்ற சொல்லுக்கு மாறின. தமிழகப் பாடநூல்கள் 'மின்தேக்கி' என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'கொள்ளளவி' என்றும் வழங்குகின்றன. பட்டறைகளில் மட்டும் பழைய பெயரே நிலைத்தது. மோட்டார் பம்புக்கும் மின்விசிறிக்கும் பொருத்தப்படுவதையும் 'கண்டென்சர்' என்றே இன்றும் கடைகளில் கேட்டு வாங்குகிறார்கள்.

வானொலி வந்த வழி

தமிழகத்தில் ஒலிபரப்பு தனியார் ஆர்வலர்களின் முயற்சியாகத் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முன்னெடுப்பில் 1924 மே 16 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-ல் நின்றுபோனபோது, அதன் ஒலிபரப்பிக் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. பின்னர் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கியது.

திருநெல்வேலி நிலையம் வரும்வரை தென்கோடி மாவட்டத்துக்காரர்கள் தொலைவிலுள்ள திருச்சியையும் கடலுக்கு அப்பாலுள்ள கொழும்பையும் நம்பியிருந்தனர். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் குறைக்கப்பட்டது. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சிற்றலையில் வரும் கொழும்பு ஒலிபரப்பைத் தெளிவாகப் பிடிக்க நல்ல பெட்டி வேண்டும், நல்ல ஏரியல் வேண்டும். மாடிக்கு மாடி கட்டப்பட்ட வலைப்பின்னல் ஏரியல்கள் இக்காலத்தின் அடையாளம்.

வானொலி பாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1959-ல் நாடு முழுவதும் வானொலி உழவர் மன்றங்கள் விரிவுபடுத்தப்பட்டன. 1960-களில் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல் வகைக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. மானாவாரிக் கரிசல் நிலத்தில் பருத்தியும் சோளமும் பயிரிட்ட சங்கரன்கோவில் பக்கத்து உழவருக்கு மழைச் செய்தியும் சந்தை நிலவரமும் இந்தப் பெட்டி வழியாகவே வந்தன. ஊரில் ஒரு பெட்டி மட்டும் இருந்து அது கெட்டுப்போனால், ஊருக்கே செய்தி நின்றுபோயிற்று என்று பொருள்.

பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, அதற்கான சிறு புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இம்முறை 1980-களின் நடுவில் கைவிடப்பட்டது. பரணில் கிடக்கும் பழைய பெட்டியோடு இந்த உரிமப் புத்தகமும் கிடைத்தால், பெட்டியின் காலத்தைக் கணிக்க அது நல்ல சான்று.

மின்சாரத்துக்கு முன்னும் பின்னும்

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் இயங்கத் தொடங்கியது. திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் போன்ற நகரங்கள் முதலில் பயன்பெற்றன. பெரும்பாலான சிற்றூர்களுக்கு மின்சாரம் விடுதலைக்குப் பிறகே வந்தது. எனவே கிராமங்களுக்கு வந்த தொடக்ககாலப் பெட்டிகளில் பேட்டரி செட்டுகள் பல. வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட், அதன் தகட்டுக்கு 90 வோல்ட் என இரு மின்னழுத்தங்கள் தரும் பெரிய உலர் பேட்டரிகளில் அவை இயங்கின. 1950-களில் வந்த டி.கே. 96, டி.எஃப். 96, டி.ஏ.எஃப். 96, டி.எல். 96 ஆகிய நான்கு வால்வுகள் கொண்ட அமைப்பு, மின்செலவைக் குறைக்கவே வடிவமைக்கப்பட்டது. இப்பெட்டிகளில் 90 வோல்ட் இணைப்பின் குறுக்கே உள்ள கண்டென்சர் கசியத் தொடங்கினால், பாட்டு கேட்கும் நேரமெல்லாம் அதுவும் சேர்ந்து பேட்டரியைத் தின்னும். விலை கூடிய பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும்.

மின்சாரம் வந்த ஊர்களில் மர்பி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி., எச்.எம்.வி., நேஷனல் எக்கோ முதலிய பெட்டிகள் இடம்பிடித்தன. இவற்றில் இருவகை உண்டு. மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட ஏ.சி. செட் ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடுவது மற்றொன்று. சில நகரங்களில் அன்று டி.சி. மின்சாரமே வழங்கப்பட்டதால் இரண்டாம் வகை தேவைப்பட்டது. இவ்வகையில் உலோகச் சட்டகம் நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டகத்தில் 230 வோல்ட் நிற்கும். கைப்பிடிக் குமிழ் உடைந்து வெறும் தண்டு வெளியே தெரிந்தால், அதைத் தொடுவதே ஆபத்து.

கண்டென்சர் வகைகள்

இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருள் இருப்பதே கண்டென்சர். 1745-46-ல் கிளைஸ்டும் முஸ்சென்புரூக்கும் தனித்தனியே கண்ட லெய்டன் சாடி இதன் முன்னோடி. வானொலிப் பெட்டியில் நான்கு வகைகள் முக்கியமானவை.

முதலாவது, மெழுகுத்தாள் கண்டென்சர். மெழுகில் ஊறிய தாளை மின்தேக்கியில் பயன்படுத்தும் முறையை 1876-ல் ஃபிட்ஸ்ஜெரால்டு உருவாக்கினார். இரு அலுமினியத் தாள்களுக்கு இடையே காகிதத்தை வைத்துச் சுருட்டி, மெழுகிலோ தாரிலோ முக்கி எடுத்தது இது. மலிவானது என்பதால் ஒவ்வொரு பெட்டியிலும் பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

இரண்டாவது, மைக்கா கண்டென்சர். 1909-ல் வில்லியம் டுபிலியர் உருவாக்கியது. அபிரகம் காலத்தால் எளிதில் சிதையாது. அலைவரிசையைத் தேரும் பகுதிகளில் இது பயன்பட்டது.

மூன்றாவது, எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர். இதன் அடிப்படைக்கு 1890-களில் சார்லஸ் போலக் காப்புரிமை பெற்றார். அலுமினியத் தகட்டின்மேல் மின்சாரத்தால் உண்டாக்கப்படும் மிக மெல்லிய ஆக்சைடுப் படலமே இங்கு காப்புப் பொருள். படலம் மெல்லியது என்பதால் சிறிய டப்பாவில் பெரிய கொள்திறன் அடங்கும். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றியபின் எஞ்சும் அலைவைச் சமன்செய்ய இது வேண்டும்.

நான்காவது, நிலையத்தைத் திருப்பும் கேங் கண்டென்சர். இதில் காப்புப் பொருள் காற்று. தூசியைத் தட்டித் துடைத்து, உராயும் இடத்தைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போதும்.

ஏன் கெடுகிறது

காகிதம் ஈரத்தை உறிஞ்சும். மெழுகு அதைத் தடுக்க வேண்டும். ஆனால் வெளியீட்டு வால்வின் பக்கத்தில் இருக்கும் கண்டென்சரின் மெழுகு, கோடையில் மாலை முழுதும் ஓடும் பெட்டிக்குள் இளகி வழியும். மழைக்காலத்தில் அந்த வெடிப்புகள் வழியே ஈரம் புகும். காகிதத்தில் உள்ள அமிலத்தன்மையும் சேர்ந்து காப்புத்திறனைக் குறைக்கும். அவ்வாறு குறைந்த கண்டென்சர் வழியாகச் சிறிதளவு நேர்மின்சாரம் கடந்துபோவதே 'கசிவு' அல்லது 'லீக்கேஜ்' எனப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பப்பட்ட கருவிகள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் செயலிழந்தபோது, காற்றுப்புகா உலோக உறையிட்ட கண்டென்சர்கள் முக்கியத்துவம் பெற்றன. போருக்குப் பின் 'டிராப்பிகல்' என்று குறித்து விற்கப்பட்ட பெட்டிகளுக்குப் பின்னால் இந்த அனுபவம் உண்டு.

எலக்ட்ரோலைட்டிக் கெடும் விதம் வேறு. பயன்படுத்தாமல் கிடந்தால் ஆக்சைடுப் படலம் நலிகிறது. உள்ளிருக்கும் ஈரப்பசையும் ஆண்டுகளில் உலர்கிறது. உலர்ந்துவிட்டால் பெட்டி 'ஹம்' என்று இரையும். படலம் நலிந்திருக்கும்போது முழு மின்னழுத்தம் கொடுத்தால் சூடேறி, டப்பா வெடிக்கவும் கூடும்.

ஒரு கணக்கு

கசிவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போதும் என்பதைக் காட்டும் இடம், வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்குப் போகும் இணைப்புக் கண்டென்சர். பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட் அளவுள்ளது. ஒரு முனை முந்தைய வால்வின் தகட்டோடு, ஏறத்தாழ 100 வோல்ட்டில் நிற்கும். மறுமுனை அரை மெகா ஓம் மின்தடை வழியாகச் சட்டகத்தோடு சேரும். கண்டென்சர் நன்றாக இருந்தால் மறுமுனையில் நேர்மின்னழுத்தம் இருக்காது.

அதன் காப்புத்திறன் 20 மெகா ஓமாகக் குறைந்ததாகக் கொள்வோம். 100-ஐ 0.5-ஆல் பெருக்கி 20.5-ஆல் வகுத்தால் 2.4 வோல்ட் வரும். ஈ.எல். 84 வால்வு 250 வோல்ட்டில் வேலை செய்யும்போது அதன் கிரிட் ஏறத்தாழ 7 வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். அதில் 2.4 வோல்ட் கழிந்தால் வால்வு அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுக்கும். கேத்தோடு மின்தடை ஓரளவு சமாளித்தாலும் வால்வு அதிகச் சூட்டில் ஓடி ஆயுளை இழக்கும். காப்புத்திறன் 5 மெகா ஓமுக்குக் குறைந்தால் கிரிட்டில் 9 வோல்ட் ஏறும். அப்போது தகடு சிவந்து, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய கம்பியும் அறுந்துபோகலாம். இத்தனைக்கும் பெட்டி பாடிக்கொண்டே இருக்கும். குரல் சற்றுக் கரகரப்பதைத் தவிர வேறு அடையாளம் தெரியாது. 'நேற்றுவரை நன்றாகப் பாடியது' என்று சொல்லிக் கொண்டுவரப்படும் பெட்டிகள் பலவற்றில் நடந்திருப்பது இதுதான்.

சோதிக்கும் முறைகள்

பழைய மெக்கானிக்கின் கருவி முள் அசையும் மல்டிமீட்டர். ஓம் அளவில் வைத்துக் கண்டென்சரின் இரு முனைகளையும் தொட்டால் முள் ஒருமுறை எழுந்து திரும்ப வேண்டும். எழவே இல்லையென்றால் உள்ளே அறுந்தது; திரும்பவில்லையென்றால் கசிவு. எலக்ட்ரோலைட்டிக்குக்கு இது பயன்படும். மெழுகுத்தாள் வகைக்குப் போதாது. மீட்டரின் உள்ளே இருப்பது சில வோல்ட் பேட்டரி. பெட்டிக்குள் கண்டென்சர் தாங்க வேண்டியதோ நூறு, இருநூறு வோல்ட். குறைந்த அழுத்தத்தில் வெளிப்படாத கசிவு வேலை அழுத்தத்தில் வெளிப்படும். இன்றைய டிஜிட்டல் மீட்டரின் கொள்திறன் அளவும் இதில் ஏமாற்றும். கசியும் கண்டென்சர் சரியான அளவையோ, சில வேளைகளில் கூடுதல் அளவையோ காட்டி நல்லதுபோல் தோன்றும்.

எனவே நம்பத்தக்க வழிகள் இரண்டு. ஒன்று, வயரிங் வேலைக்குப் பயன்படும் மெகர் கொண்டு, கண்டென்சரின் தாங்குதிறனுக்கு உட்பட்ட அழுத்தத்தில் காப்புத்திறனை அளப்பது. மற்றொன்று, பெட்டியிலேயே சோதிப்பது. இணைப்புக் கண்டென்சரின் கிரிட் பக்க முனையைக் கழற்றிவிட்டு, பெட்டியை ஓடவிட்டு, அந்த முனைக்கும் சட்டகத்துக்கும் இடையே டி.சி. அளக்க வேண்டும். நிலையாக நிற்கும் நேர்மின்னழுத்தம் தெரிந்தால் கண்டென்சர் கசிகிறது. அதைக் கழற்றிய பிறகும் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் நின்றால் குற்றம் வால்வுடையது. இச்சோதனைக்கு உள்மின்தடை மிகுந்த மீட்டர் வேண்டும். இல்லாவிட்டால் மீட்டரே அழுத்தத்தை இறக்கிவிடும்.

எலக்ட்ரோலைட்டிக்கை முடிந்தால் காப்பாற்றலாம். தனி டி.சி. இணைப்பிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடை வழியாக, அழுத்தத்தைச் சில மணிநேரத்தில் படிப்படியாக ஏற்றினால் ஆக்சைடுப் படலம் மீண்டும் உருவாகும். முழு அழுத்தத்தில், மின்தடையின் குறுக்கே 10 வோல்ட்டுக்குக் குறைவாக இறங்கி நின்றால் கசிவு ஒரு மில்லியாம்பியருக்குள் உள்ளது என்று பொருள். இறங்க மறுத்தாலோ டப்பா சூடானாலோ அதை மாற்றுவதே சரி. பெட்டிக்குள் வைத்தே அழுத்தத்தை மெல்ல ஏற்றுவது வால்வு ரெக்டிஃபையர் உள்ள செட்டில் சரிவராது. ரெக்டிஃபையர் சூடாகும்வரை ஒன்றும் வராது, சூடானதும் பெரும்பகுதி ஒருசேர வந்துவிடும்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைக்கும் 'சீரிஸ் பல்பு' பழக்கம் இன்றும் சிறந்த காப்பு. பல்பு முதலில் ஒளிர்ந்து பிறகு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

மாற்றும் முறை

1941-ல் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பாலியஸ்டர், நம்மூரில் டெரிலின் சட்டையாக அறிமுகமானது. அதே பொருள் மெல்லிய படலமாகி, 1950-களிலிருந்து காகிதத்தின் இடத்தைப் பிடித்தது. ஈரம் உறிஞ்சாத பாலியஸ்டர், பாலிபுரோப்பிலீன் கண்டென்சர்களே இன்றைய மாற்று. 630 வோல்ட் தாங்கும் வகை பெரும்பாலான இடங்களுக்குப் போதும்.

அளவுக் குறியீடுகளில் கவனம் வேண்டும். பழைய 'எம்.எஃப்.டி.' என்பது மைக்ரோஃபாரட், 'எம்.எம்.எஃப்.டி.' என்பது இன்றைய பிக்கோஃபாரட். பழைய 0.05-க்கு இன்றைய 0.047-ம், 0.02-க்கு 0.022-ம், 8 மைக்ரோஃபாரட்டுக்கு 10-ம் பொருந்தும். ரெக்டிஃபையரை அடுத்துள்ள முதல் எலக்ட்ரோலைட்டிக்கின் அளவை விருப்பம்போல் கூட்டக் கூடாது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதை நிரப்பும் திடீர் மின்னோட்டம் ரெக்டிஃபையர் வால்வைச் சிதைக்கும்.

மின்கம்பியோடு நேரடித் தொடர்புள்ள கண்டென்சர்களுக்குத் தனி விதி. மின்னிணைப்பின் இரு கம்பிகளுக்கு நடுவே வருவது எக்ஸ்2 வகையாகவும், மின்கம்பிக்கும் சட்டகத்துக்கும் அல்லது ஏரியலுக்கும் நடுவே வருவது ஒய்2 வகையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது ஷார்ட் ஆனால் ஏரியல் கம்பியைத் தொடுபவருக்கு மின்னதிர்ச்சி. இங்கு சாதாரணக் கண்டென்சரைப் பொருத்துவது உயிரோடு விளையாடுவது.

ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பெட்டியை ஓடவிட்டுப் பார்ப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். பன்னிரண்டையும் ஒரே மூச்சில் மாற்றியபின் பெட்டி ஊமையானால் பிழை எங்கே என்று தேடுவது கடினம். அணைத்த பிறகும் எலக்ட்ரோலைட்டிக்கில் மின்னூட்டம் நிற்கும். ஸ்குரூ டிரைவரால் தட்டாமல், ஒரு கிலோ ஓம் அளவுள்ள வலுவான மின்தடை வழியாக இறக்கி, மீட்டரால் உறுதிசெய்த பிறகே கைவைக்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய சில பழைய கண்டென்சர்களில் நச்சுத்தன்மை கொண்ட பி.சி.பி. திரவம் இருக்கலாம். ஒழுகும் உறையை வெறுங்கையால் தொடுவதையும் எரிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

காப்பதா, மாற்றுவதா

மைக்கா, செராமிக், பின்னாளைய பாலியஸ்டர் வகைகளைக் காரணமின்றி மாற்றத் தேவையில்லை. மெழுகுத்தாள் வகையை, சோதனையில் தேறினாலும் மாற்றிவிடுவதே நல்லது என்பது பெரும்பாலோர் கருத்து. இன்று தேறியது அடுத்த மழையில் தேறாது.

வரலாற்றுப் பொருளாகப் பெட்டியைக் காக்க விரும்புவோருக்கு ஒரு தயக்கம் எழும். பழைய உறுப்புகளை அகற்றினால் பெட்டியின் சான்றுமதிப்பு குறையும். இதற்கு ஒரு நடுவழி உண்டு. பழைய கண்டென்சரைச் சூடாக்கி மெழுகை இளக்கி, உள்சுருளை நீக்கி, அந்த அட்டைக் குழலுக்குள் புதிய சிறிய கண்டென்சரை வைத்து மீண்டும் மெழுகிடுவது. பார்வைக்குப் பழையது, வேலைக்குப் புதியது. பேசவைக்கும் நோக்கம் இல்லாமல் காட்சிக்கு மட்டும் வைப்பதானால் எதையும் தொடாமல், மின்கம்பியை அகற்றி வைப்பதே மேல். எவ்வழியானாலும் எந்த உறுப்பு எந்த நாளில் மாற்றப்பட்டது என்று எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைப்பது அடுத்து திறப்பவருக்கு உதவும்.

இன்றைய நிலை

1954-ல் அமெரிக்காவில் முதல் வணிக டிரான்சிஸ்டர் வானொலி வந்தது. 1960-களில் இந்தியச் சந்தையில் டிரான்சிஸ்டர் பரவியதும் வால்வுப் பெட்டிகள் பரணுக்குச் சென்றன. சாலிடரிங் இரும்பும் பழைய மீட்டரும் வைத்திருந்த ரேடியோ மெக்கானிக்குகள் டேப் ரிக்கார்டருக்கும் தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் மாறினர். வால்வு பழுதுபார்க்கும் கைத்திறன் எழுத்தில் அதிகம் பதிவாகவில்லை. பட்டறையில் அருகிருந்து கற்றவர்களோடு நின்றுபோகிறது.

பெட்டி சரியானாலும் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியும் உள்ளது. இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. வால்வுக்காலப் பெட்டிகளில் பண்பலை இல்லை. மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே உண்டு. அந்த அலைகளில் இயங்கிய ஒலிபரப்பிகள் நாடெங்கும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஆகவே பரணிலிருக்கும் பெட்டியைச் சரிசெய்ய எண்ணுபவர் காலம் தாழ்த்தாமல் செய்வது நல்லது. பின்புற மூடியைத் திறந்து தூசி தட்டி, கண்டென்சர்களைச் சோதித்து முடிக்கும்வரை பிளக்கை மட்டும் செருகாமல் இருக்க வேண்டும்.